சேர், வேண்டாம்: இரண்டு பொத்தான் போதுமா?

குரோம் உலாவியில் ஒரு நீட்டிப்பை, அதாவது நாம் வாயால் எக்ஸ்டென்ஷன் என்று சொல்வதைச் சேர்க்கப் போனால் ஒரு சின்னப் பெட்டி வரும். நீங்கள் பார்க்கும் எல்லா இணையத்தளங்களிலும் உள்ள தரவை இது படிக்கும், மாற்றும் என்று பல நேரம் அதில் எழுதியிருக்கும். கீழே இரண்டே பொத்தான்கள்: சேர், வேண்டாம். தமிழ்த் தட்டச்சுக்கு ஒன்று, எழுத்துப் பிழைக்கு ஒன்று, விளம்பரத்தைத் தடுக்க ஒன்று என்று நாமும் சேர்த்துக்கொண்டே போகிறோம். எல்லாத் தளங்களும் என்றால் மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, மாணவர் மதிப்பெண்ணைப் பதியும் பக்கம் எல்லாமே அதில் அடக்கம்தான்.

உலாவி நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை, வாசலைக் குறுக்கின. விண்டோஸ் கணினிகளில் தன் கடைக்கு வெளியே கிடைக்கும் நீட்டிப்புகளை 2014-இல் கூகல் தடுத்தது. காரணம் நியாயமானதே. ஏதோ ஓர் இலவச மென்பொருளை நிறுவினால், கேட்காமலே கூட ஒன்று ஒட்டிக்கொண்டு வந்த காலம் அது. பயர்பாக்ஸ் 2016-இல் தன் வழக்கமான பதிப்பில், மொசில்லாவின் கையொப்பம் இல்லாத நீட்டிப்புகளை அறவே நிறுத்தியது. ஆனால் கையொப்பம் வாங்கிய நீட்டிப்பை எழுதியவர் தம் சொந்தத் தளத்திலேயே கொடுக்கலாம். இரண்டில் இதுதான் மேல் என்பேன். பாதுகாப்பும் இருக்கிறது, ஒரே கடையில் எல்லாரும் வரிசையில் நிற்கவும் வேண்டாம்.

இருந்தும் வாசல்காவல் எவ்வளவு தூரம் காக்கும்? 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்று ஒரு குரோம் நீட்டிப்பு இருந்தது. பயன்படுத்தாத தாவல்களை உறங்க வைத்து நினைவகத்தை மிச்சப்படுத்தும் நல்ல சாமான். இருபது லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். 2020-இல் அதை உருவாக்கியவர் வேறொருவருக்கு விற்றுவிட்டார். தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி 2021 பிப்ரவரியில் கூகல் அதை நீக்கியது. கவனியுங்கள், அது அதிகாரபூர்வக் கடையில் இருந்த பொருள்! பயனர்கள் சம்மதம் சொன்னது பழைய உரிமையாளருக்கு. புதியவர் வந்தபோது யாரும் மறுபடி கேட்கவில்லை. புதுப்பிப்பு கூடுதல் அனுமதி கோரினால்தான் உலாவி நம்மைக் கேட்கும். முன்பே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் கேட்க என்ன மிச்சம்?

காவலே காலை வாரிவிட்டதும் உண்டு. 2019 மே மாதத் தொடக்கத்தில் மொசில்லாவின் சான்றிதழ் ஒன்று காலாவதியாக, உலகம் முழுக்கப் பயர்பாக்ஸ் நீட்டிப்புகள் திடீரென்று முடங்கின. பயனர் செய்த தவறு ஒன்றுமில்லை.

ஆகவே 'சுதந்திரமா, பாதுகாப்பா' என்று இரண்டு பத்தி எழுதி 'இரண்டும் தேவை' என்று முடிக்கும் விவாதக் கட்டுரை (நம் மாணவர்கள் மட்டுமா எழுதுகிறார்கள்!) இந்தச் சிக்கலைத் தொடவே தொடாது. எங்கிருந்து நிறுவலாம் என்பதில் மட்டும் தேர்வைக் கொடுப்பதோ பறிப்பதோ போதாது. நிறுவிய பின் எந்தத் தளத்தில் அது இயங்கலாம் என்பதில்தான் தேர்வு வேண்டும். அந்த வசதி குரோமில் 2018 முதல் இருக்கிறது: நீட்டிப்பை அழுத்தும்போது மட்டும், குறிப்பிட்ட தளங்களில் மட்டும், எல்லாத் தளங்களிலும் என மூன்று நிலை. என் குறை அது இருக்கும் இடம் பற்றித்தான். நிறுவிய பிறகு நாமாகத் தேடிப் போனால்தான் கண்ணில் படும். ஆம் சொல்லும் பொத்தானோ முதல் பெட்டியிலேயே நிற்கிறது.