வேடியப்பன் முன்னால் விரித்த தாள்

கடத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய், "இங்கே நடுகல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். "வேடியப்பன் கோயிலுக்கு எப்படிப் போவது?" என்று கேட்டுப் பாருங்கள், ஆடு ஓட்டிப் போகிற பையன்கூட நின்று வழி சொல்வான். இரண்டும் ஒன்றுதான். ஏரிக்கரையிலோ புளியமரத்தடியிலோ நிற்கும் பலகைக்கல். அதில் வில்லும் வாளுமாக ஒரு வீரன், காலருகே கெண்டியும் சிமிழும், பக்கத்தில் சில வரி வட்டெழுத்து. எல்லாவற்றின் மேலும் தலைமுறை தலைமுறையாக ஏறிய எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும். தருமபுரி, செங்கம் வட்டாரத்தில் ஆநிரை மீட்கப் போய் மாண்டவன் இப்படித்தான் வேடியப்பன் ஆனான். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகப் பொங்கலும் கிடாவெட்டும் வாங்கிக்கொண்டு நிற்கிறான்.

தொல்லியலைப் பொதுமக்களிடம் பேசுவது தமிழ்நாட்டில் இப்போது ஒரு தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. புத்தகக் காட்சி மேடை, பள்ளி மன்றம், மலைநடை, கல்வெட்டுப் பயிற்சி முகாம், ஏப்ரல் 18 உலக மரபு நாள், நவம்பர் 19 முதல் 25 வரை மரபு வாரம் என்று ஆண்டு முழுக்க ஏதோ ஒன்று நடந்துகொண்டேயிருக்கிறது. இந்தத் துறையை எடைபோட மதுரையையும் சென்னையையும் விட, பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்துப் பேரூராட்சியான கடத்தூரே நல்ல இடம் என்று நினைக்கிறேன். நடுகல் என்ற சொல்லுக்கும் வேடியப்பன் என்ற சொல்லுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒரு பேச்சு கடக்கிறதா என்பது இங்கேதான் உடனே தெரிந்துவிடும்.

மண்ணின் கனம் அப்படிப்பட்டது. இன்றைய தருமபுரிதான் அன்றைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் அவனுடைய நடுகல்லுக்குப் பீலி சூட்டிக் கள் படைப்பதைப் பார்த்து ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு புறநானூற்றில் 232ஆம் பாட்டாக இருக்கிறது. கல்லைச் சுற்றி ஊர் கூடி நிற்பதை நம் இலக்கியம் அத்தனை அருகில் நின்று பார்த்திருக்கிறது. அந்த அதியனின் பெயரைப் பாட்டில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பை மலைக்குகையில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. 'சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி' கொடுத்த பள்ளி என்று அது சொன்னது. அசோகரின் கல்வெட்டில் சேர, சோழ, பாண்டியரோடு வரும் சதியபுத்திரர் யார் என்ற பழைய வழக்கு அதோடு முடிந்தது. கடத்தூருக்குப் பக்கத்திலும் சான்று உண்டு. பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்து இருளப்பட்டியில் உள்ள நடுகல், வட்டெழுத்தின் தொடக்க காலத்தைக் காட்டும் அரிய கற்களில் ஒன்று.

இந்தக் கற்களை முறையாகத் தேடிப் படித்தது 1970களில். இரா. நாகசாமி மாநிலத் தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த காலம் அது. 1972இல் 'செங்கம் நடுகற்கள்' வந்தது, 1974இல் நடுகற்களுக்கென்றே ஒரு கருத்தரங்கு நடந்தது, 1975இல் 'தருமபுரி கல்வெட்டுகள்' வெளியானது. அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது, 2004இல்தான் பிரிந்தது. எழுத்தின் வளர்ச்சி, பல்லவர் கால நாட்டுப் பிரிவுகள், சிற்றரசர் பெயர்கள், தொறுப்பூசல் என்னும் ஆநிரைப் போர் என்று அந்தப் பதிப்புகள் திறந்துவிட்ட கதவுகள் ஏராளம். தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூரில், எசமானோடு நின்று திருடர்களைக் கடித்த 'கோவிவன்' என்ற நாய்க்கும் கல் எடுத்திருக்கிறார்கள் என்பதை உலகம் அறிந்ததும் அதனால்தான். எந்த ஊர்க் கூட்டத்திலும் கோவிவன் பெயரைச் சொன்னதும் பின்வரிசைப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆனால் ஒரு கல்லைப் படிப்பது ஒரு வேலை. படித்ததை அந்தக் கல்லின் ஊருக்கே திரும்பச் சொல்வது வேறு வேலை. இந்த இரண்டாவது வேலை நெடுங்காலம் தனிமனிதர் தலையிலேயே விழுந்தது. ஓய்வுபெற்ற தொல்லியல் அலுவலர், தமிழாசிரியர், சைக்கிளில் ஊர் ஊராகப் போன ஆர்வலர் என்று சிலர் சுமந்தார்கள். தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் 'ஆவணம்' இதழை நடத்திவருகிறது. புதிதாகக் கிடைத்த கல்வெட்டை எந்தச் சிற்றூர் ஆசிரியர் கொண்டுவந்தாலும் அவர் பெயரோடு அச்சேற்றும் இதழ் அது. ஆண்டுதோறும் ஒவ்வோர் ஊரில் கூடும் கழகத்தின் கருத்தரங்கில் பேராசிரியரும் பள்ளி ஆசிரியரும் ஒரே மேடையில் ஏறுகிறார்கள். பரபரப்பில்லாத அந்தக் கூடுகைக்குத் தமிழ்த் தொல்லியல் பட்டிருக்கும் கடன் பெரிது.

பரபரப்பு கீழடியோடு வந்தது. 2015இல் அமர்நாத் ராமகிருஷ்ணன் தலைமையில் தொடங்கிய அகழாய்வுக் குழிகளைப் பார்க்க, திருவிழாவுக்குப் போவதுபோல மக்கள் வண்டி கட்டிப் போனார்கள். 2023 மார்ச் 5 அன்று அங்கே அருங்காட்சியகம் திறந்தது. இதற்கிடையே பழைய தருமபுரி மாவட்டத்து மயிலாடும்பாறையும் செய்தியானது. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். 2025 ஜனவரி 23 அன்று சென்னையில் 'இரும்பின் தொன்மை' அறிக்கை வெளியானபோது சிவகளை அகழாய்வு இரும்பின் காலக்கணிப்பு கி.மு. 3345 வரை போனது. தொல்லியல் அரசு மேடையேறியதில் எனக்கு மகிழ்ச்சிதான். நிதி வந்தது, பிள்ளைகள் இந்தப் படிப்பைத் தேடி வருகிறார்கள். ஆனாலும் ஒரு வருத்தம் உண்டு. ஊர்க் கூட்டங்களில் பேச்சு மெல்ல ஆண்டுக் கணக்குப் போட்டியாகச் சுருங்குகிறது. நாலாயிரம், ஐயாயிரம் என்று எண்ணைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு பேச்சாளர் கிளம்பிவிடுகிறார். அதே ஊர் ஏரிமதகின் ஓரம் சாய்ந்து கிடக்கும் கல்லை அன்றும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சென்னையின் அரங்குகள் வேறு வகை. தமிழ்ப் பாரம்பரிய அறக்கட்டளையின் மாதக் கூட்டங்களும், மார்கழியில் பாட்டுக் கச்சேரிக்குப் பக்கத்திலேயே அது நடத்தும் பேச்சுக் கச்சேரியும், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் சிந்துவெளி உரைகளும் ஆழமானவை. ஆனால் கேட்பவர் ஏற்கெனவே படித்தவர், பேசப்படும் பொருளோ அங்கிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கிறது.

மதுரையின் பசுமை நடைதான் இந்தத் துறையின் போக்கை மாற்றியது. யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் யோசனை 2010இல் எழுந்தபோது அதை எதிர்த்த வேகத்தில், எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் தொடங்கிய நடை அது. மாதம் ஒரு ஞாயிறு விடியலில் ஒரு குன்றுக்குப் போவது, சமணப் படுக்கையிலேயே உட்காருவது, தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் கல்வெட்டைப் படித்துக் காட்டக் கேட்பது, பிறகு எல்லாரும் சேர்ந்து காலைச் சிற்றுண்டி. பேச்சு அரங்கிலிருந்து பாறைக்கு வந்தது. பாறைக்கு வந்ததும் பாறையடி ஊர்க்காரரும் கூட்டத்தில் சேர்ந்தார்கள். அரிட்டாபட்டிச் சுற்றுவட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி 2024இல் வந்தபோது, குடைவரைக் கோயில், தமிழிக் கல்வெட்டு, தீர்த்தங்கரர் சிற்பம் என்று அந்த ஊர்ப் பெண்கள் தொலைக்காட்சிக் கேமரா முன் அடுக்கிச் சொன்னார்கள். சுரங்கம் ரத்தானது ஊர் மக்கள் திரண்டு போராடியதால். நடந்து போனவர்கள் அதற்குப் பங்கு கேட்க முடியாது. ஆனாலும் அந்தச் சொற்கள் ஊர் வாய்க்கு வந்து சேர்ந்ததில் பத்தாண்டுப் பேச்சுக்கு இடம் உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். ரத்து அறிவிப்பு வந்ததும் அதே 2025 ஜனவரி 23தான். ஒரே நாளில் சென்னையில் இரும்பின் வயதும் அரிட்டாபட்டியில் ஒரு மலையின் ஆயுளும் கூடின.

பள்ளிக்கூடம் இன்னொரு வழி. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியர் வே. இராஜகுரு நடத்திய தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தில், பிள்ளைகளே கல்வெட்டெழுத்துப் படிக்கவும் பானை ஓட்டை இனம்காணவும் கற்றார்கள். ஓடு பொறுக்கப் போன பிள்ளை வீட்டுக்கு வந்து பாட்டியிடம் கேட்கும் கேள்வியில் பாதி வரலாறு வெளிவந்துவிடும்.

வெளிநாட்டு வழக்கங்களில் எனக்குப் பிடித்தது ஜப்பானியருடையது. அங்கே அகழாய்வு நடக்கும்போதே ஒரு நாள் குறித்து, சுற்றுவட்டாரத்தாரை அழைத்துக் குழியருகே நிறுத்தி விளக்குவார்கள். நாளிதழில் அறிவிப்பு வரும், ஆயிரக்கணக்கில் வரிசை நிற்கும். பிரான்ஸ் 1984இல் நினைவுச் சின்னங்களின் கதவுகளை ஒரு நாள் எல்லாருக்கும் திறந்துவிட்டது, பின்னர் ஐரோப்பா முழுக்கப் பரவியது. ஆனால் அந்தச் சின்னங்கள் பெரும்பாலும் பூட்டிக் கிடந்தவை. வேடியப்பனுக்குக் கதவும் இல்லை, பூட்டும் இல்லை. தினமும் யாரோ விளக்கேற்றுகிற இடத்துக்குப் போய், "இது உண்மையில் என்ன தெரியுமா?" என்று தொடங்கும் பேச்சாளர் முதல் வாக்கியத்திலேயே தோற்றுவிடுகிறார். இவ்வளவு காலம் அந்தக் கல் உடையாமல் நின்றதற்குக் காரணம் எந்தச் சட்டமும் அல்ல, அந்த விளக்குத்தான்.

கடத்தூர்ப் பக்கம் பேச வருகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவை இன்னும் உண்டு. ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள்: புட்டிரெட்டிப்பட்டி, பாப்பிரெட்டிப்பட்டி, பிறகு 'அள்ளி' என்று முடியும் எத்தனையோ ஊர்கள். தெலுங்கும் கன்னடமும் தமிழோடு கலந்து புழங்கிய எல்லை நாடு இது. கங்கரும் நுளம்பரும் பாணரும் பல்லவரும் மாறி மாறிக் கை வைத்த மண். இங்கே வந்து தமிழ்ப் பெருமையை மட்டும் பேசினால் கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தங்கள் பாட்டன் கதை இல்லாமல் போய்விடும். அதைவிட ஆபத்தானது, கல்லில் உள்ள வீரனை ஒரு சாதியின் முன்னோனாக்கிச் சுவரொட்டி அடிப்பது. கல்வெட்டில் இருப்பது அரசன் பெயர், ஆட்சியாண்டு, நாடு, தொறு, பட்டவன் பெயர். அதில் இல்லாததை மேடையில் ஏற்றிச் சொல்லும் பேச்சு ஓர் ஊரையே இரண்டாக்கிவிடும். ஊர்ப் பெயருக்குப் பொருள் சொல்லும் ஆசையும் அப்படித்தான். ஆதாரமில்லாத சொல்லாராய்ச்சி ஒரே மாலையில் தலபுராணமாகிவிடுகிறது.

அச்சமும் இருக்கிறது. 'தொல்லியல்காரர் வந்தால் நிலம் போய்விடும்' என்ற பேச்சை இந்தப் பக்கத்து வயல்வெளிகளில் கேட்காமல் வரமுடியாது. கல்வட்டங்களைப் புதையல் தேடி இரவில் தோண்டுகிறவர்கள் ஒருபுறம். உழும்போது தாழி தட்டுப்பட்டால் சத்தமில்லாமல் மூடிவிடுகிறவர்கள் மறுபுறம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குச் சொல்ல வேண்டும் என்கிற 1878ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இருக்கிறது. கிடைத்ததைச் சொன்னால் தனக்கு என்ன ஆகும் என்பதைத்தான் உழவர் முதலில் கேட்பார். அதற்கு நேராகப் பதில் சொல்லாத எந்த மரபு வார விழாவும் அவருக்குப் பயன்படாது. சில கற்கள் தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அங்கே மழையில்லை, உடைப்பாரில்லை, பாதுகாப்புத்தான். ஆனால் பொங்கலும் இல்லை. சாலை விரிவாக்கத்திலோ கல்குவாரியிலோ அழியவிருந்த கல்லை எடுத்துவந்தது சரி. நல்லபடியாக வழிபாட்டிலுள்ள கல்லை ஊரிலேயே விட்டுவைப்பதுதான் முறை.

அப்படியானால் கல் முன்னால் என்ன பேசுவது? நான் பார்த்தவரை, எந்தச் சொற்பொழிவையும் விட ஊரை நிறுத்திவைப்பது மைப்படி எடுக்கும் வேலைதான். முதலில் பூசாரியிடம் அனுமதி. பிறகு எண்ணெய்ப் பிசுக்கைப் பொறுமையாக அகற்றிக் கல்லைக் கழுவ வேண்டும். இதற்கே ஒரு பொழுது போகும், அந்நேரத்தில்தான் பெரியவர்கள் கோயில் கதையைச் சொல்வார்கள். அதைக் குறித்துக்கொள்ளாதவர் பாதி வேலையைத் தவறவிட்டவர். நனைத்த தாளைக் கல்லோடு ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் இறக்குவார்கள். தாள் சற்று உலர்ந்ததும் மையை ஒற்றி ஒற்றிப் பரப்ப, கறுப்புக்கு நடுவே எழுத்துகள் வெள்ளையாக எழும்பி வரும். தினமும் கும்பிட்ட கல்லில் இத்தனை எழுத்து இருந்ததா என்று பூசாரியே குனிந்து பார்ப்பார். அப்போது வரி வரியாகப் படித்து, இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில், இன்ன நாட்டு ஊரில், தொறு மீட்டுப் பட்ட இன்னார் மகன் இன்னான் என்று பெயரை உரக்கச் சொல்ல வேண்டும்.

படி எடுத்த தாள்கள் எங்கே போகின்றன என்பதும் ஊருக்குத் தெரிய வேண்டும். மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966இல் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்குப் போனது. அங்கே சேர்ந்த தமிழ்ப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் உத்தரவிட வேண்டியிருந்தது. சென்னைக்கு வந்தாலும் கடத்தூர்ப் பிள்ளைக்கு அது தூரம்தான். அதனால் ஒவ்வொரு முறையும் இரண்டு படி எடுக்க வேண்டும். ஒன்று அலுவலகத்துக்கு. மற்றது அந்த ஊர்ப் பள்ளிக்கூடச் சுவருக்கு, இன்றைய எழுத்தில் பெயர்த்து எழுதிய வரிகளோடு, கண்ணாடிச் சட்டமிட்டு. தாளை உரித்தெடுத்த பிறகு, பூசாரி கல்லை இன்னொருமுறை கழுவி மஞ்சள் பூசட்டும். படிக்க வந்தவர்கள் விளக்கேற்றும்வரை நின்றுவிட்டுப் போகட்டும்.