மால்தஸின் மக்கள்தொகைக் கோட்பாடு: ஓர் இறையியல் திறனாய்வு

மக்கள்தொகையைக் குறித்து நாம் பேசும்போதெல்லாம், அறிந்தோ அறியாமலோ, ஓர் ஆங்கிலேயக் குருவானவரின் மொழியையே பேசுகிறோம். தாமஸ் ராபர்ட் மால்தஸ் 1798இல் தம் பெயரின்றி வெளியிட்ட மக்கள்தொகைக் கட்டுரை, இன்று பொருளியல் நூலாகவே கற்பிக்கப்படுகிறது. அதன் இறுதி இரண்டு அதிகாரங்கள் இறையியல் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். நம் திறனாய்வு அவ்விடத்திலேயே தொடங்க வேண்டும்.

மக்கள் 1, 2, 4, 8 எனப் பெருக, உணவோ 1, 2, 3, 4 எனவே கூடும் என்பது அவர் கணக்கு. சோம்பிக் கிடக்கும் மனித மனத்தை எழுப்பவே கடவுள் இக்குறைவை ஏற்படுத்தினார் என்பது அவர் இறையியல். நல்லவராகிய கடவுளின் உலகில் பசி ஏன் என்னும் வினாவை அவர் தட்டிக்கழிக்கவில்லை. இதனை நாம் மதிக்கிறோம். ஆயினும் 1803ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் மேலும் ஓரடி சென்றார். பெற்றோரிடம் உணவு பெற இயலாமலும், சமுதாயத்துக்குத் தன் உழைப்பு வேண்டாததாயும் இருப்பவனுக்கு இயற்கையின் பந்தியில் இடமில்லை என்றார். பிந்திய பதிப்புகளில் அப்பகுதியை நீக்கினார், வாதத்தை நீக்கவில்லை.

அவ்வாதம் எங்குக் கொண்டு செல்லும் என்பதை அயர்லாந்து காட்டிற்று. 1841இல் அங்கு ஏறத்தாழ 82 லட்சம் பேர் வாழ்ந்தனர். 1845 முதல் கருகல் நோய் உருளைக்கிழங்குப் பயிரை அழித்தது. சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். ஏறக்குறைய அத்தனை பேர் கப்பலேறினர். அந்நாட்களிலும் தானியமும் கால்நடைகளும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. நிவாரணத்தை மேற்பார்த்த கருவூல அதிகாரி சார்லஸ் டிரெவெலியன், மால்தஸ் ஆசிரியராயிருந்த ஹெய்லிபரி கல்லூரியில் பயின்றவர். 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தவரும் அவரே. பஞ்சத்தை இறைவனின் ஞானமும் இரக்கமுமுள்ள செயலாகவே அவர் 1848இல் விளக்கினார். இவ்வாறு பழி கடவுள்மேல் சுமத்தப்படவே, குடியானவரை வெளியேற்றிய நிலக்கிழாரும் ஏற்றுமதியைத் தடுக்காத அரசும் பழியினின்று தப்பினர்.

கணக்கும் பொய்த்தது. 1800ஐ ஒட்டி சுமார் 100 கோடியாயிருந்த உலக மக்கள்தொகை 2022இல் 800 கோடியைத் தொட்டது. உணவு விளைச்சலோ அதனினும் விரைந்து பெருகிற்று. பெண்கள் கல்வி பெற்று, குழந்தைகள் பிழைத்திருக்கும் இடங்களில் பிறப்பும் தானே குறைந்தது. ஆயினும் பசி நீங்கவில்லை. ஆகவே பசிக்குக் காரணம் தலைகளின் எண்ணிக்கை மட்டுமன்று, பங்கீட்டின் அநீதியுமாகும்.

திருமறை இதனை வேறு வகையாய் நோக்குகிறது. பஞ்சத்தால் பெத்லகேமை விட்டு மோவாபுக்குச் சென்ற எலிமெலேக்கின் குடும்பத்தை அது மிகையானோர் என எண்ணவில்லை; அக்குடும்பத்துக்கு மருமகளாய் வந்த அந்நியப் பெண்ணின் வழியிலேயே தாவீது பிறந்தான். லூக்கா 14இல் தெருவிலுள்ள ஏழைகளை அழைத்து வந்த பின்னரும் பந்தியில் இடம் மீந்திருக்கிறது. வட மாநிலங்களிலிருந்து வந்து நம் நகரங்களில் கட்டடம் எழுப்பும் தொழிலாளரைக் கூட்டம் என்றும் சுமை என்றும் நம் சபையார் பேசுவதை நாம் கேட்கிறோம். திருவிருந்தை அணுகுமுன் எந்தப் பந்தியின் ஒழுங்கை நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம் என்று நம்மையே சோதித்தறிவோமாக.