கனத்த கல்லின் கணக்கு

கரியாலூரின் காலைக் குளிரில், டீக்கடை அடுப்பிலிருக்கும் கனத்த இரும்புத் தோசைக்கல்லைப் பார்ப்பதே எனக்குச் சுகம். காய நேரமாகும், காய்ந்துவிட்டால் சூடு இலேசில் இறங்காது.

கல் 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1 கிராம் இரும்பை 1 டிகிரி ஏற்ற சுமார் 0.45 ஜூல் வேண்டும். இதுதான் அதன் தன்வெப்ப ஏற்புத்திறன். நிறை, ஏற்புத்திறன், வெப்பநிலை ஏற்றம் மூன்றையும் பெருக்கினால், 20 டிகிரியிலிருந்து 200க்கு ஏற்ற 243 கிலோஜூல்.

ஒரு கரண்டி மாவில் 70 கிராம் தண்ணீர் இருந்தால், அது கொதிநிலையை எட்டவே சுமார் 23 கிலோஜூல் கேட்கும். அத்தனையையும் கல்லே கொடுத்தால் அது 17 டிகிரி இறங்கும். அரைக் கிலோ அலுமினியத் தட்டோ 52 டிகிரி இறங்கிவிடும்! கிராமுக்குக் கிராம் அலுமினியம் இரண்டு மடங்கு வெப்பம் கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அதே கன அளவில் இரும்பு மூன்று மடங்கு கனம், ஜெயிப்பது இரும்பே. முறுகல் அங்கேதான் பிறக்கிறது.

கணக்கைத் திருப்பியும் போடலாம். இறக்கம் 10 டிகிரிக்குள் நிற்க வேண்டுமானால், கல் 5 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும்.