பெட்டி புதுசு, பைப் பழசு

கடையில் நிற்கும்போது வேனிட்டி கேபினட் பரம சாது. வெள்ளைப் பீங்கான் பேசின், கீழே பிவிசி பலகையில் செய்த பெட்டி, சத்தமில்லாமல் மூடும் இரண்டு இழுப்பறைகள். இரண்டடி அகலம், சுவரில் தொங்கும் ரகம். அதன் சுபாவம் தெரிந்தது அலங்காநல்லூரில் ஒரு பழைய வீட்டில் மாட்டும்போதுதான். தை மூன்றாம் நாள் ஜல்லிக்கட்டுக்குச் சொந்தபந்தம் வந்து இறங்குவதற்குள் குளியலறை தயாராக வேண்டும் என்பது வீட்டாரின் கணக்கு.

முதல் வம்பு கழிவுத் தண்ணீர். இந்த மாடலைச் செய்தவர்கள், வேஸ்ட் பைப் சுவருக்குள்தான் போகும் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். இங்கேயோ, நம் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றையும் போல, பேசினிலிருந்து ஒரு சுருள் பைப் நேரே தரைக்கு இறங்குகிறது. மேல் இழுப்பறையில் பைப்புக்கு இடம் விட்டு வெட்டியிருந்தார்கள். கீழ் இழுப்பறையில் இல்லை. பிளம்பர் அடிப்பலகையில் துளை போட்டார், கீழ் இழுப்பறையைக் கழற்றி ஓரமாகச் சாத்தினார். காசு கொடுத்து வாங்கிய இடத்தில் பாதி போயிற்று. கதவு வைத்த ரகமாக இருந்தால் துளையோடு வேலை முடிந்திருக்கும்.

அடுத்தது வாடை. தரைக்குள் இறங்கும் பைப் ட்ராப்பில் விழுகிறதா, நேரே வெளிச் சேம்பருக்குப் போகிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். நேரே போனால் பேசினுக்கு அடியில் பாட்டில் ட்ராப் கட்டாயம். அதில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயுவை மறிக்கிறது. தரையில் ஏற்கெனவே ட்ராப் இருந்து, மேலே இன்னொன்றும் போட்டால் தண்ணீர் தயங்கித் தயங்கி இறங்கும். 32 மி.மீ. வேஸ்ட் பைப்பைப் பெரிய பிவிசி வாய்க்குள் செருகி, சுற்றிலும் வெள்ளை சிமென்ட் அப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. அடைப்பு எடுக்கும் நாளில் அதை உடைத்தாக வேண்டும். ரப்பர் ரெடியூசர் கையால் உருவ வரும், விலையும் அற்பம்.

பழைய ஆங்கிள் காக்கைக் கழற்றுவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். போர் தண்ணீரின் உப்பு மரையில் கல்லாக இறுகியிருக்கும். ரெஞ்சு போட்டு ஒரே மூச்சில் திருகினால், சுவருக்குள் இருக்கும் சிபிவிசி எல்போ சேர்ந்து முறுக்கி விரியும். அப்புறம் டைல்ஸை உடைக்கக் கொத்தனாரைத் தேட வேண்டியதுதான். பெட்டியை மாட்ட டிரில் போடும்போதும் இதே பயம்: உள்ளே பைப் எந்த வழியாகப் போகிறது என்று தெரியாமல் ஆங்கர் போல்ட் அடிக்கக் கூடாது.

கூடவே வந்த உயரமான மிக்சர் குழாய் பார்வைக்கு அழகு, தண்ணீருக்குக் கஞ்சம். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து பத்தடி இறக்கம் என்றால் கிடைப்பது சுமார் 0.3 பார் அழுத்தம். இப்படிப்பட்ட குழாய்கள் பலவும் 0.5 பாருக்கு மேல் கேட்பவை. போதாததற்கு, முனையில் உள்ள சல்லடையையும் உப்பு அடைக்கும். கழற்றி வினிகரில் ஊறப்போட்டால் சரியாகும்.

பலகையைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர் தெறித்தாலும் பிவிசி ஊதாது; மலிவான மரத்தூள் பலகை ஊதிவிடும். ஆனால் கசிவு என்று ஆங்கிள் காக்கை அவசரமாக மூடப் போனால், மேல் இழுப்பறையை முழுசாக உருவி எடுத்த பிறகுதான் கை உள்ளே போகிறது.