பங்காளியும் பகையும்: குற்றக் கதைகளில் உடன்பிறந்தார்

உடன்பிறந்தாரையும் அவர்வழி வந்தோரையும் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களுள் இரண்டு ஆராயத்தக்கவை. ஒன்று பங்காளி, மற்றொன்று தாயாதி. பங்கு உடையவன் பங்காளி. தாயம், அஃதாவது வழிவழி வரும் உரிமை, உடையவன் தாயாதி. இரண்டும் உரிமையைச் சுட்டி எழுந்த சொற்களே. ஆயினும் நாட்டு வழக்கில் பங்காளிச் சண்டை என்றும் தாயாதிக் காய்ச்சல் என்றும் பகையோடு சேர்த்தே அவை மிகுதியும் பேசப்படுகின்றன. ஒரு வயிற்றில் பிறந்து ஒரு தட்டில் உண்டவரிடையே பகை எழுமாயின், அன்பு குறைந்ததைவிடப் பங்கு குறைந்ததே அதற்கு முதற்காரணம் என்பதை மக்கள் தம் சொல்லிலேயே பதித்து வைத்துள்ளனர். அப்பங்கு நிலமாகவும் இருக்கலாம். தந்தையின் மதிப்பாகவும் இருக்கலாம்.

தொலைக்காட்சி நெடுந்தொடர்களிலும் திரைப்படங்களிலும் அண்ணன் தம்பியர் பகையைப் பொருளாகக் கொண்ட குற்றக் கதைகள் இன்று பெருகியுள்ளன. அவற்றுள் எது உண்மை பேசுகிறது, எது ஓசை மட்டும் எழுப்புகிறது என்று பிரித்தறிய இச்சொற்களே தக்க உரைகல்லாகும்.

பழந்தமிழ் நூல்கள் இப்பகையை மறைத்ததில்லை. திருவள்ளுவர் உட்பகைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். செப்பும் மூடியும் போல் புறத்தே பொருந்தி அகத்தே பிரிந்து நிற்கும் குடியை அவர் அங்கே காட்டுகிறார். சேரன் செங்குட்டுவனின் இளவல் இளங்கோ, நிமித்திகன் கூற்றால் அண்ணன் மனம் நொந்தது கண்டு அரசுரிமையைத் துறந்தார் என்பது சிலப்பதிகாரம் வழி வரும் செய்தி. தம்பி இளங்குமணனால் நாடிழந்து காடடைந்த குமணனின் வரலாற்றைப் புறநானூறு சுட்டுகிறது. தலைக்கு விலை வைக்கப்பட்ட நிலையிலும், பரிசில் வேண்டி வந்த பெருந்தலைச் சாத்தனாரிடம், தன் தலையைக் கொய்து கொள்க எனக் குமணன் வாளை நீட்டினான். அவ்வாளோடு சாத்தனார் இளங்குமணனிடம் சென்றார். ஒரே சோழர் குடியில் பிறந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் உறையூரில் பொருத வந்தபோது கோவூர்கிழார் இடையே நின்றார். இருவர் சூடியதும் ஆத்தி மாலையே. எவர் தோற்பினும் தோற்பது ஒரே குடி என்பது அவர் உரையின் கருத்து.

இவ்வரலாறுகளில் பொதுவாக நிற்பது ஒன்றுண்டு. பகைத்த இருவரிடையே மூன்றாமவர் ஒருவர் வருகிறார். அவருக்கு அந்நாட்டில் பங்கில்லை. ஆதலின் பங்காளிகளிடம் உண்மை பேச அவரால் இயலுகிறது. சான்றோர் என்னும் சொல்லுக்கு இங்கே விளங்கும் பொருள் இதுவே. இம்மூன்றாமவர் இன்றைய குற்றக் கதையில் எங்கே போனார் என்பது கேட்கத்தக்க வினா.

முதற்கண் மேலைநாட்டுத் தொடர் ஒன்றைக் காணலாம். 2015 முதல் 2017 வரை நெட்பிளிக்ஸ் நிறுவனம் 33 பகுதிகளாக வெளியிட்ட ‘பிளட்லைன்’ என்னும் தொடர், தலைப்பாலேயே குருதிவழியைச் சுட்டுவது. அதனைப் படைத்த மூவருள் டாட் கெஸ்லர், கிளென் கெஸ்லர் இருவரும் உடன்பிறந்தோர். புளோரிடாவின் தென்கோடித் தீவுகளில் கடலோர விடுதி நடத்தும் ரேபர்ன் குடும்பம் ஊரில் நன்மதிப்புப் பெற்றது. மூத்த மகன் டேனி நெடுநாளைக்குப் பின் வீடு திரும்புகிறான். அவனுக்கு இளையவனான ஜான் காவல்துறையில் பணிபுரிபவன். குடும்பத்தின் தூண் என மதிக்கப்படுபவன்.

இப்பகையின் வேர் இளமையில் உள்ளது. சிறுவன் டேனியோடு படகில் சென்ற தங்கை சாரா கடலில் மூழ்கி இறந்தாள். துயரத்தால் வெறிகொண்ட தந்தை டேனியைக் கொடுமையாக அடித்தார். காவலர் வினவியபோது, அவனைக் கார் மோதிற்று என உடன்பிறந்தோர் பொய் கூறினர். தொடர் முழுவதும் இப்பொய்யின் மேல் நிற்கிறது. தந்தை அடித்த அடி ஆறிவிட்டது. உடன்பிறந்தார் உரைத்த பொய்ச்சான்று ஆறவில்லை. வீடு ஒரு நீதிமன்றமாயின், அங்கே டேனிக்கு வழக்குரைக்க ஒருவரும் இல்லை. அவன் இழந்த பங்கு நிலமன்று, நீதி. பின்னாளில் அவன் போதைப்பொருள் கடத்தலில் இறங்குவதும், அதற்குக் குடும்ப விடுதியையே பயன்படுத்துவதும் பழிவாங்கலாகத் தோன்றினும், தன்னை ஒதுக்கிய வீட்டில் தனக்கும் இடமுண்டு என நிலைநாட்டும் முயற்சியாகவும் அவற்றைக் கொள்ளலாம். டேனியாக நடித்த பென் மெண்டல்சன் 2016ஆம் ஆண்டின் எம்மி விருதைப் பெற்றது பொருத்தமே. கொடியவன் என வெறுக்கவும் இயலாமல், நல்லவன் என ஏற்கவும் இயலாமல் காண்போரை அவர் நிறுத்திவிடுகிறார்.

முதற்பருவத்தின் இறுதியில் ஜான் தன் அண்ணனைக் கடல்நீரில் அமிழ்த்திக் கொல்கிறான். காவலனே கொலைஞனாகிறான், முன்பு பொய் கூறிய குடும்பம் மீண்டும் பொய்யால் அக்கொலையை மறைக்கிறது. இளமைப் பொய்யும் இறுதிப் பொய்யும் ஒரே கயிற்றின் இரு முனைகளாக அமைவதே இத்தொடரின் சிறப்பு. அதன்பின் வந்த இரு பருவங்களில் கதை தளர்ந்தமைக்கும் காரணம் தெளிவு. பங்கு கேட்டு நின்றவன் இறந்தபின், எஞ்சியது அகப்படுவோமா தப்புவோமா என்னும் அச்சம் மட்டுமே. குற்றத்தை மறைக்கும் திறம் விறுவிறுப்பைத் தரலாம்; பகையின் ஆழத்தைத் தராது.

2017இல் வந்த ‘பார்கோ’ தொடரின் மூன்றாம் பருவம் இதே பொருளைப் பங்கின் நேர்ப்பொருளிலேயே எடுத்தாள்கிறது. தந்தை விட்டுச்சென்றவை ஒரு கார். சில அரிய அஞ்சல்தலைகள். இளமையில் அண்ணன் எமிட் தம்பி ரேயிடம் காரைக் கொடுத்து அஞ்சல்தலைகளைப் பெற்றுக்கொண்டான். அண்ணன் பெருஞ்செல்வனானான், தம்பி எளிய அலுவலனாகவே இருந்தான். தான் ஏமாற்றப்பட்டதாகத் தம்பி மனம் புழுங்குகிறான். எஞ்சிய ஓர் அஞ்சல்தலையைத் திருட அவன் ஏவிய ஆள், வீடு மாறிச் சென்று தொடர்பற்ற ஒருவரைக் கொல்கிறான். முடிவில் அண்ணனே அந்த அஞ்சல்தலையைத் தம்பிக்குக் கொடுக்க முன்வருகிறான். தம்பியோ ஏற்க மறுக்கிறான். தள்ளுமுள்ளில் சட்டத்தின் கண்ணாடி உடைந்து தம்பியின் கழுத்தில் பாய்கிறது. இருவராகவும் இவான் மெக்ரெகர் ஒருவரே நடித்தது வெறும் வேடிக்கை அன்று. முகம் ஒன்று, பங்கு இரண்டு என்னும் கருத்தை அது கண்முன் நிறுத்துகிறது. காலம் கடந்து வரும் பங்கு பகையைத் தணிப்பதில்லை என்பதையும் இக்காட்சி நன்கு உணர்த்துகிறது.

இவ்விரண்டோடு தமிழ்ப்படம் ஒன்றை ஒப்பிடுதல் தகும். மணிரத்னம் இயக்கி 2018இல் வெளிவந்த ‘செக்கச் சிவந்த வானம்’ திரையரங்குகளுக்குப் பின் தொலைக்காட்சி வழி மலேசியத் தமிழர் இல்லங்களுக்கும் வந்தது. சேனாபதி என்னும் குற்றவுலகத் தலைவர் மீது தாக்குதல் நடக்கிறது. வரதன், தியாகு, எத்தி என்னும் மூன்று மைந்தரும் அவர் இடத்தைப் பற்ற முனைகின்றனர். தாக்குதலின் பின்னணியில் இருந்தவன் மூத்தவனே என்பது பின்னர்த் தெரியவருகிறது. வரதனின் நண்பனாக உடனிருந்த ரசூல் மறைமுகப் பணியில் இருந்த காவலர் என்பதும் இறுதியில் வெளிப்படுகிறது. மூவரும் மடிகின்றனர்.

படப்பிடிப்பும் இசையும் நடிப்பும் குறைகூற இடமில்லாதவை. ஆயினும் பகையின் வேர் எங்கே என வினவின் விடை மெலிந்தே நிற்கிறது. மூவரும் அரியணையை விரும்பினர் என்பதற்கு மேல் படம் ஆழ்ந்து செல்வதில்லை. எந்நாளில், எச்சொல்லால், எந்த ஓரவஞ்சனையால் அண்ணன் மனம் திரிந்தது என்பது போதிய அளவு காட்டப்படவில்லை. ஆதலின் இறப்புகள் அதிர்ச்சி தருகின்றனவேயன்றித் துயரம் தருவதில்லை. கம்பனின் கும்பகருணன் தமையன் செய்தது தவறென இடித்துரைத்தும், அவனுக்காகவே போரில் உயிர்விடுகிறான். தன்பால் வந்த வீடணனை இராமனிடமே திரும்புமாறு அனுப்பியும் வைக்கிறான். மூன்று உடன்பிறந்தார்க்கும் மூன்று நியாயங்கள் அங்கே உண்டு. அந்நியாயங்கள் மோதுவதால்தான் கற்போர் கலங்குகின்றனர்.

ஆயினும் இப்படம் தன்னை அறியாமலேயே ஓர் உண்மையைக் காட்டிவிடுகிறது. கோவூர்கிழார் நின்ற இடத்தில் இங்கே ரசூல் நிற்கிறார். புலவர் பகையைத் தணிக்க இடைநின்றார். இவரோ பகையை முடிவுவரை ஓடவிட்டு அக்குடியையே ஒழிக்கிறார். சட்டத்தின் நோக்கில் அது வெற்றியாகலாம். குடும்பத்தின் நோக்கிலோ, சான்றோர் இல்லாத இடத்தைக் காவலர் நிரப்பினார் என்பதே பொருள். ‘பிளட்லைன்’ தொடரில் அண்ணனைக் கொன்றவனும் காவலனே என்பது இங்கே நினைக்கத்தக்கது.

மலேசியத் தமிழர்க்கு இவ்வாராய்ச்சி வெறும் கலையாராய்ச்சி அன்று. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 திசம்பரில் வெளிவந்த ‘ஜகாட்’ அதனை உணர்த்தும். தீயது எனப் பொருள்படும் மலாய்ச் சொல் தமிழர் நாவில் திரிந்த வடிவமே அதன் தலைப்பு. 2016இல் நடைபெற்ற 28ஆம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாக அது தேர்வு பெற்றது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நிகழும் இக்கதையில் அப்போய் என்னும் சிறுவனைச் சுற்றி மூன்று உடன்பிறந்தார் நிற்கின்றனர். தந்தை மணியம், மகன் படித்து முன்னேற வேண்டுமென்று கடுமை காட்டுபவர். சிற்றப்பன்மாருள் துரை குண்டர் கும்பலைச் சேர்ந்தவர். பாலா போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவர்.

இங்கே அரியணை இல்லை. அரிய அஞ்சல்தலையும் இல்லை. பிரித்துக்கொள்ள இவர்கட்குப் பங்கே இல்லை என்பதுதான் கதையின் கரு. தோட்டம் போனபோது வேலையும் வீடும் சுற்றமும் ஒருங்கே போயின. அவ்விழப்பிற்கு மூவரும் மூன்று வழிகளில் விடையிறுக்கின்றனர். ஒருவர் வழி மற்றவர்க்குக் குற்றச்சாட்டாகத் தோன்றுகிறது. துரையின் மிடுக்கு மணியத்தின் உழைப்பை எள்ளுவது போலாகிறது. மணியத்தின் கடுமை துரையின் வாழ்வைப் பழிப்பதாகிறது. இடையில் நிற்கும் சிறுவன் எப்பக்கம் சாய்வான் என்பதே உண்மையான போர். உடன்பிறந்தார் மனக்கசப்பின் விலையை அடுத்த தலைமுறை கொடுக்கிறது என்பதைச் ‘செக்கச் சிவந்த வானம்’ துப்பாக்கிகளால் சொல்ல முயன்றது. ‘ஜகாட்’ ஒரு சிறுவனின் முகத்தால் அதனைச் சொல்லிவிடுகிறது.

தோட்டத்தில் குறைகள் பல இருந்தன. வறுமையும் அடக்குமுறையும் இருந்தன. ஆயினும் மாரியம்மன் கோயில் வாயிலில் நின்று, அண்ணன் தம்பி வழக்கைக் கேட்டுத் தீர்க்கப் பெரியவர் சிலர் இருந்தனர். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடல் தொடங்கிப் பின்வந்த நகர வளர்ச்சி வரை, அம்மன்றங்கள் படிப்படியாகக் கலைந்தன. கிள்ளான், மேரு, காப்பார் வட்டாரங்களில் இரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் இன்று தொழிற்பேட்டைகளும் வீடமைப்புப் பகுதிகளும் நிற்கின்றன. மக்கள் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். மூன்றாமவர் உடன் வரவில்லை. 2013இல் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, அவற்றின் உறுப்பினருள் பெரும்பான்மையோர் இந்தியர் என்னும் செய்தி சமுதாயத்தைத் தலைகுனியச் செய்தது. வீட்டில் பங்கு பெறாதவனுக்குக் கும்பல் ஒரு பங்கைக் காட்டுகிறது. அங்கே அவனை அண்ணன் என்றும் தம்பி என்றும் அழைக்க ஆட்கள் உள்ளனர். உடன்பிறப்பின் பெயர்களையே கும்பல் கடன் வாங்குவது எண்ணத்தக்கது.

குற்றக் கதை பொழுதுபோக்கிற்கு உரியது. அதனிடம் அறநூலின் பணியை எதிர்பார்க்கலாமா எனச் சிலர் கேட்பர். அறவுரை கூறுமாறு எவரும் அதனைக் கேட்கவில்லை. காரணம் காட்டுமாறே கேட்பது. காரணமின்றிக் காட்டப்படும் பகை, அண்ணன் தம்பியர் வெட்டிக்கொள்வது இயல்பே என்னும் எண்ணத்தை இளையோர் மனத்தில் விதைக்கும். காரணத்தோடு காட்டப்படும் பகையோ, அது எந்த இடத்தில் தடுக்கப்பட்டிருக்கலாம் என்று எண்ணச் செய்யும். டேனிக்காக ஒருவர் உண்மை கூறியிருந்தால், ரே கேட்குமுன் எமிட் கொடுத்திருந்தால், மணியமும் துரையும் ஒருநாள் அமர்ந்து பேசியிருந்தால் என்னும் ஏக்கம் எழுவதே நல்ல கதையின் பயன்.

மலேசியத் தமிழ்த் தொடர்களை எழுதுவோர் கைக்கொள்ள வேண்டியதும் இதுவே. வாளும் காரும் புகையும் எளிதில் கிடைக்கும் பொருள்கள். ஒரு வீட்டில் இரு பிள்ளைகளுக்கு இருவேறு அளவுகோல் வைக்கப்பட்ட அந்த நாளைக் கண்டுபிடித்துக் காட்டுவதே அரிய பணி. அதனைச் செய்யும் எழுத்தாளர் குமணனிடமிருந்து வாள் பெற்ற சாத்தனாரைப் போன்றவர். அவர் கையில் இருப்பதும் வாள்தான். ஆயின் அது வெட்டுவதற்கன்று, தம்பியிடம் கொண்டுபோய்க் காட்டுவதற்கு.