உருக் ஏன் அழுதார்?

கொரியாவின் கயாகும் என்ற 12 பட்டு நரம்புக் கருவியைப் பற்றி எதைப் படித்தாலும், உருக் அழுத கதை வந்துவிடும். அந்தக் கதையில் எனக்கு ஒரு சந்தேகம்.

முதலில் கதை. ஆறாம் நூற்றாண்டு. கயா (நம்ம பீகார் கயா இல்லைங்க, கொரியாவின் தென்பகுதியில் இருந்த சிற்றரசுகளின் கூட்டு) மன்னர் கசில், இந்தக் கருவிக்கு 12 உருப்படிகள் செய்யும்படி உருக்கிடம் சொல்கிறார். நாட்டுக்கு நாடு பேச்சு வேறுபடும்போது இசை மட்டும் எப்படி ஒன்றாகும் என்பது மன்னரின் நியாயம். பிறகு கயாவில் குழப்பம் வரப்போவது தெரிந்து, உருக் கருவியோடு சில்லா நாட்டில் தஞ்சம் புகுகிறார். 551ல் அவர் வாசிப்பைக் கேட்ட சில்லா மன்னர் ஜின்ஹுங், மூன்று பேரை அவரிடம் கற்க அனுப்புகிறார். அவர்கள் 11 உருப்படிகளைக் கற்று, இது கண்ணியமான இசை இல்லைன்னு சொல்லி ஐந்தாகச் சுருக்கிவிட்டார்கள். கேள்விப்பட்டதும் உருக்குக்குக் கோபம். கேட்டுப் பார்த்ததும் கண்ணீர். இன்பமும் துன்பமும் அளவோடு இருப்பதாகப் பாராட்டினாராம்.

இந்தப் பாராட்டுதான் இடிக்கிறது. ஒரு பழம்பாட்டைப் பற்றி கன்பூசியஸ் சொன்ன கருத்து அப்படியே இதுதான்! கதையைச் சொல்லும் 'சாம்குக் சாகி', கன்பூசிய அறிஞர் கிம் பு-சிக் தலைமையில் 1145ல் தொகுக்கப்பட்டது. கிட்டத்தட்ட 600 வருஷ இடைவெளி. கண்ணீர் உருக்குடையதாக இருக்கலாம். வார்த்தைகள் அவருடையவை அல்ல என்பது என் ஊகம்.

இன்னொன்று. அந்த 12 உருப்படிகளில் இன்று மிச்சம் தலைப்புகள் மட்டும்தான். அவற்றில் பெரும்பாலானவை கயா ஊர்ப்பெயர்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அப்படியென்றால் சுருக்கப்பட்டது இசை மட்டும்தானா? ஊருக்கு ஊர் வேறுபட்ட ஒன்றை, வென்றவர்களின் ரசனைக்கு வெட்டித் தைத்திருக்கிறார்கள். 562ல் சில்லா கடைசி கயா அரசையும் விழுங்கியது.

ஜின்ஹுங்குக்கு உரிய நியாயத்தையும் சொல்லணும். அழிந்த நாட்டின் இசை நமக்கெதற்கு என்று அமைச்சர்கள் தடுத்தபோது, அரசன் கெட்டதற்கு இசை என்ன செய்யும் என்று கேட்டு, அதை அரசவை இசையாக்கியவர் அவர்தான். கயாகும் இன்றும் வாசிக்கப்படுகிறது என்றால் அதில் அவருக்குப் பங்குண்டு.

கருவி பிழைத்தது, இசை போய்விட்டது. உருக்கின் கண்ணீரை வெறும் ஆனந்தக் கண்ணீராக என்னால் வாசிக்க முடியவில்லை. தஞ்சம் கொடுத்தவர் சபையில் வேறென்னதான் சொல்லியிருக்க முடியும் அவரால்?