குளிர்ந்த அடுப்பு

நாவலாசிரியன் கதை விட்டால் வாசகர் நம்பிக்கையைக் கடனாகத் தருகிறார். விஞ்ஞானிக்கு அந்தச் சலுகை கிடையாது.

1989 மார்ச் 23-ந் தேதி, அமெரிக்காவில் யூட்டா சர்வகலாசாலையில் ஃப்ளைஷ்மன், பான்ஸ் என்ற இரு ரசாயன நிபுணர்கள் நிருபர்களைக் கூட்டினார்கள். கனநீரில் பல்லேடியம் கம்பியை வைத்து மின்சாரம் செலுத்த, அணுக்கருக்கள் இணைந்து, செலவானதைவிட அதிக உஷ்ணம் பிறந்ததாம். அப்படி இணைந்தால் நியூட்ரான்கள் தெறிக்கும். அவ்வளவு உஷ்ணத்துக்கு ஏற்பத் தெறித்திருந்தால், சொல்ல அவர்கள் உயிரோடு இருந்திருக்கமாட்டார்கள்! யூட்டா சர்க்கார் 50 லட்சம் டாலர் ஒதுக்கியது. அதில் எழுந்த ஆராய்ச்சி நிலையம் 1991-ல் மூடப்பட்டது.

மலிவான மின்சாரத்துக்கு ஆசைப்பட்டது குற்றமல்ல. பிறர் சோதிக்குமுன் பறைசாற்றியதுதான் குற்றம். பக்கத்து வீட்டு அடுப்பிலும் அதே அரிசி வெந்தால்தான் அது விஞ்ஞானம்.